மேல்மலையையும் உடுமலையையும் ஒரே கட்டத்துல அடைச்சா எப்படி?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் டேட்டாவ வச்சு சோலார் எங்க போடலாம், காத்தாலை எங்க போடலாம்னு முடிவு பண்றாங்க, காட்டையும் அத வச்சே காப்பாத்துறாங்கனு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லா இருந்துச்சு, குறை சொல்ல வரல. ஆனா பூராம் சமவெளிக் கதையாவே இருந்துச்சு, மலைல இருக்குறவன் எழுதுனா கொஞ்சம் வேற மாதிரி வரும்ல, அதான் எழுதுறேன். நான் கொடைக்கானல் மேல்மலைல எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறவன், வயரிங், மோட்டார், சோலார் வாட்டர் ஹீட்டர், இப்ப கொஞ்ச வருசமா கூரை மேல பேனல் மாட்டுறதும். கடிதம் நீளமாத்தான் போகும், இடம் இல்லைனா வெட்டிக்கங்க, தீ பத்தி எழுதிருக்கறத மட்டும் வெட்டிறாதீங்க.

எங்க தொழில்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். 2024 பிப்ரவரில பிஎம் சூர்ய கர் திட்டம் வந்துச்சுல்ல, 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா 78 ஆயிரம்னு மானியம். அதுக்கு அப்புறம் கீழ இருந்து கம்பெனிக்காரங்க லேப்டாப்ப தூக்கிட்டு மேல வர ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டு லொக்கேஷன மேப்ல அமுக்குனா போதும், வருசத்துக்கு இத்தனை யூனிட் கிடைக்கும், இத்தனை வருசத்துல போட்ட காசு திரும்பிரும்னு கலர் கலரா ரிப்போர்ட் வந்துரும். இந்த நம்பர் எங்க இருந்துண்ணே வருதுனு கேட்டா "சாஃப்ட்வேர் குடுக்குது"ங்குறாங்க. சாஃப்ட்வேருக்கு யாரு குடுத்தா? செயற்கைக்கோள்தான். 36 ஆயிரம் கிலோமீட்டர் ஒசரத்துல நின்ன எடத்துலயே நிக்கிற வானிலை செயற்கைக்கோள், நம்ம இன்சாட்-3டிஆர், 2024ல போன இன்சாட்-3டிஎஸ் மாதிரி, அரை மணிக்கு ஒரு தடவை மேகத்த படம் புடிச்சுக்கிட்டே இருக்கு. மேகம் எவ்வளவு வெள்ளையா தெரியுதோ அவ்வளவு வெயில் தரைக்கு வராம மேலயே திரும்பிப் போயிருச்சுனு அர்த்தம், அத கழிச்சுட்டா தரைக்கு வந்த வெயில் என்னனு தெரிஞ்சுரும். கணக்கு சுருக்கமா இவ்வளவுதான், ஆனா வருசக்கணக்கா சேத்து வச்சிருக்கறதால ஒரு ஊர்ல கருவியே இல்லாட்டியும் அங்க மாசாமாசம் வெயில் எப்படினு சொல்லிர முடியுது.

சமவெளில இது அருமையா வேலை செய்யுது. கமுதில 2016ல 648 மெகாவாட்டுக்கு பேனல் போட்டாங்களே, அந்த மாதிரி எடத்துல எந்தப் பக்கம் திரும்புனாலும் தரை ஒரே மட்டம், வெயில் ஒரே வெயில், வானத்துல இருந்து எடுத்த நம்பரும் தரைல அளந்த நம்பரும் ரொம்ப விலகாது. மலைலதான் வில்லங்கம்.

இலவசமா கிடைக்குறதுல நெறைய பேர் எடுக்குறது நாசாவோட பவர்ங்குற டேட்டா. அதுல வெயில் கணக்கு 1 டிகிரி கட்டம், அதாவது ஒரு பக்கம் சுமாரா 110 கிலோமீட்டர். எங்க ஊரு இருக்குற கட்டத்துக்குள்ள யாரெல்லாம் இருக்காங்கனு மேப்ல கோடு போட்டுப் பாருங்க: கொடைக்கானல், மன்னவனூர், பழனி, ஒட்டன்சத்திரம், உடுமலை, அந்தப் பக்கம் மூணாறும்! 7000 அடி ஒசரத்துல மூடுபனிக்குள்ள கெடக்குற ஊருக்கும் சுள்ளுனு வெயில் அடிக்குற உடுமலைக்கும் அன்னதானத்துல எல்லா எலைக்கும் ஒரே கரண்டி வைக்கிற மாதிரி ஒரே நம்பர். காசு குடுத்து வாங்குற டேட்டால கட்டம் ரொம்பச் சின்னது, மலை நிழலக்கூட கணக்குல எடுக்குறாங்க, அது உண்மை. ஆனா 3 கிலோவாட் போடுற வீட்டுக்காரருக்கு எதுல இருந்து எடுத்துக் குடுத்தாங்கனு யாரு சொல்றா.

வில்பட்டி பக்கம் ஒரு ஹோம்ஸ்டேல நடந்தத சொல்றேன். கீழ இருந்து வந்த ஒரு கம்பெனி (பேரு வேணாம்) 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்டுனு போட்டு 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட்டு கணக்கு காட்டி மாட்டிட்டுப் போயிட்டாங்க. நவம்பர்ல ஓனர் என்னைய கூப்புட்டாரு, "தம்பி, மெசின் பழுதா பாருங்க". காலைல போய் இன்வெர்ட்டர் முன்னாடி நின்னேன், பத்தரை மணிக்கு 2600 வாட்டு காட்டுது, தங்கம் மாதிரி ஓடுது. பதினொண்ணு தாண்டுனதும் கீழ பள்ளத்துல இருந்து மேகம் ஏற ஆரம்பிச்சுச்சு, மொதல்ல முட்டைகோஸ் தோட்டம் மறைஞ்சுச்சு, அப்புறம் ரோடு, அப்புறம் எதுத்த வீடு, ஸ்கிரீன்ல 1900, 1100, 600, கடைசில 350க்கு வந்து நின்னுருச்சு. மெசின்ல ஒரு பழுதும் இல்ல. பேனல் மாட்டுனதோ மேக்கால சரியிற தகர ஷீட்டு மேல, அந்தப் பக்கம் வரிசையா யூக்கலிப்டஸ் மரம், மிஞ்சிருக்குற சாயங்கால வெயிலையும் அது தின்னுருது. கிழக்கால சரிவுல மாட்டிருந்தா காலை வெயில முழுசா புடிச்சிருக்கலாம். ஊருக்காரன் ஒருத்தன கேட்டிருந்தா சொல்லிருப்பான், பனி எத்தனை மணிக்கு ஏறும், எந்த மாசம் எறங்கவே எறங்காதுனு.

அதுக்காக மலைல சோலார் ஆகாதுனு நினைச்சுராதீங்க. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. சிலிக்கான் பேனல் 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் சுமாரா 0.4 சதவீதம் கரண்ட்ட இழக்கும், அதனால ஜனவரி பிப்ரவரில வானம் தெளிவா இருக்குற நாள்ல எங்க ஊரு பேனல் உச்சி வெயில்ல பழனி பேனல விட கூடவே குடுக்கும். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்த மலைய பொரட்டிப் போட்டப்போ லைன் மேல மரம் விழுந்து கரண்ட் இல்லாம கெடந்தோமே, பேட்டரியோட சோலார் வச்சிருந்த வீட்டுலதான் ஊரே செல்போன் சார்ஜ் போட்டுச்சு. (பேனல் மேல கொரங்கு ஏறி ஆட்டம் போடுறதுக்கு மட்டும் எந்த செயற்கைக்கோள்லயும் மருந்து இல்ல.)

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1899ல ஆரம்பிச்ச சூரிய ஆய்வுக்கூடம் கொடைக்கானல்லதான் இருக்கு, நூறு வருசத்துக்கு மேல சூரியன படம் புடிச்சு வச்சிருக்காங்க, 1909ல எவர்ஷெட்ங்குற விஞ்ஞானி சூரியப் புள்ளில வாயு ஓடுறத கண்டுபுடிச்சதும் அங்கதான், 2023 செப்டம்பர்ல போன ஆதித்யா-எல்1ல ஒரு முக்கியமான கருவி அதே ஆய்வுக்கூடத்த நடத்துற இந்திய வானியற்பியல் நிறுவனத்தோடதுதான். சூரியனுக்குள்ள என்ன நடக்குதுனு உலகத்துக்கே சொல்ற ஊர்ல எங்க வீட்டுக் கூரைக்கு எவ்வளவு வெயில் விழுதுனு கேட்டா உடுமலையோட நம்பர எடுத்து நீட்டுறாங்க!

காத்தாலை பத்தி நீங்களே விரிவா எழுதிட்டீங்க, ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். மலையோட வடக்கு விளிம்புல நின்னு பாத்தா உடுமலை, தாராபுரம் பக்கத்து காத்தாடி எல்லாம் தீக்குச்சி நட்ட மாதிரி தெரியும். பாலக்காட்டுக் கணவாய்ல நுழையுற காத்துதான் அதுகள சுத்த வைக்கிது, மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும். தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் 10 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல இருக்கு, நாளைக்கு காத்து எவ்வளவு அடிக்கும்னு இன்னைக்கே தெரியலைனா அனல் மின் நிலையத்த கொறைக்கிறதா ஓட்டுறதானு மின்வாரியத்துக்கு திண்டாட்டம், காத்தாடிய நிறுத்துங்கனு சொல்ல வேண்டி வரும், கைக்கு வந்த கரண்ட்டு வீணா போகும். மேகமும் நீராவியும் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா நகருதுனு செயற்கைக்கோள் படத்துல பாத்துதான் வானிலை மாடலுக்கு காத்து கணக்க ஊட்டுறாங்க. பள்ளிக்கரணைல இருக்குற தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நம்ம மாநிலத்து காத்தாலைகளுக்கு முன்கணிப்பு குடுக்குது. இது செயற்கைக்கோள் இல்லாம நடக்காத வேலை, கும்புடு போடலாம்.

இப்ப காடு. இங்கதான் எனக்கு வயிறு எரியுது.

நாசாவோட லேண்ட்சாட் 1972ல இருந்து பூமிய படம் எடுக்குது, 2008ல இருந்து அம்புட்டும் இலவசம். அந்தப் படங்கள வச்சு பழனி மலைத்தொடர்ல (கோயில் மலை இல்ல, கொடைக்கானல் இருக்குற எங்க மலை) 1973ல இருந்து 2014 வரைக்கும் என்ன மாறுச்சுனு விஞ்ஞானிகள் பாத்து 2018ல வெளியிட்டாங்க. 40 வருசத்துல மலைப் புல்வெளில மூணுல ரெண்டு பங்கு போயிருச்சு. வீடு கட்டி போகல. வாட்டில்ங்குற அந்நிய மரம், யூக்கலிப்டஸ், பைன் நட்டு போச்சு, கொஞ்சம் விவசாயத்துக்குப் போச்சு. தோல் பதனிட பட்டைக்கும் மரக்கூழுக்கும்னு நட்டது, அப்புறம் வாட்டில் தானா பரவி கேக்க ஆளில்லாம பெருகிருச்சு. எங்க அப்பா காலத்துல மாடு மேய்ச்ச புல்வெளி இன்னைக்கு உள்ள நுழையவே முடியாத வாட்டில் புதர். இது ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனா ஊருக்காரன் வாயால சொன்னா எவன் கேட்டான், படத்த வரிசையா அடுக்கி காட்டுனப்புறம்தான் நம்புனாங்க. செயற்கைக்கோளுக்கு நான் நன்றி சொல்ற எடம் இது.

ஆனா அதே மாதிரி படத்த வச்சு இன்னொரு கணக்கும் நடக்குது பாருங்க. இந்திய வன அளவை நிறுவனம் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை காடு கூடிருக்கா கொறைஞ்சிருக்கானு அறிக்கை விடுது. அதுக்கு வச்சிருக்குற அளவு என்னன்னா, 1 ஹெக்டேருக்கு மேல இருக்குற எடத்துல மரத்தோட தழை 10 சதவீதத்துக்கு மேல மூடிருந்தா அது வனப்பரப்பு, யாரு எடமா இருந்தாலும் சரி, என்ன மரமா இருந்தாலும் சரி. புல்வெளிய வாட்டில் முழுங்குனா இந்தக் கணக்குல வனம் கூடிருச்சு! வாட்டில எடுத்துட்டு புல்வெளிய மீட்டா வனம் கொறைஞ்சிருச்சு! தமிழ்நாடு அரசு 2022ல அந்நிய மரங்கள அப்புறப்படுத்த ஒரு கொள்கை போட்டுச்சு, அதே வருசம் வரையாட்டக் காப்பாத்த 25 கோடி ரூபாய்க்கு திட்டமும் அறிவிச்சுச்சு. வரையாடு புல்வெளிலதான் வாழும், நீலகிரி நெட்டைக்காலிங்குற சின்னப் பறவைக்கும் புல்வெளிய விட்டா நாதி இல்ல. ஒரு கைல வாட்டில வெட்டுனு சொல்லிட்டு இன்னொரு கைல பச்சை கொறைஞ்சா கேள்வி கேட்டா ரேஞ்சர் என்ன பண்ணுவாரு.

புல்லையும் வாட்டிலையும் வானத்துல இருந்து பிரிச்சுப் பாக்க முடியாதானு கேக்கலாம். முடியும். ஐரோப்பாக்காரங்களோட சென்டினல்-2 இலவசம்தான், ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம்ம கணக்குல ரெண்டரை சென்ட்டுக்கும் கொஞ்சம் கம்மி, ஒருத்தர் வீட்டுமனை அளவு. இலைல பச்சையம் இருந்தா செகப்பு ஒளிய உறிஞ்சிட்டு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்ப திருப்பி அடிக்கும், அத செயற்கைக்கோள் பாத்துரும். பனி உறைஞ்சு கருகுன புல்லு பிப்ரவரில காஞ்சு பழுப்பா கெடக்கும், வாட்டில் அப்பவும் பச்சையா நிக்கும். அதனால அக்டோபர் படத்தையும் பிப்ரவரி படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எது புல்லு எது வாட்டில்னு பெருசா பிரிஞ்சுரும். வழி இருக்கு, பச்சையா இருந்தா காடுனு ஒரே கோட்ட போட்டுட்டு நிம்மதியா இருக்குறதுதான் சிக்கல்.

சமவெளில இப்படி புல்வெளிய கணக்குலயே எடுக்காத பழக்கம் சோலார் விசயத்துல நேரா இடிக்குது. புல்லும் முள்ளுப் புதரும் மண்டிக் கெடக்குற நெலத்த தரிசு நில அட்லஸ்ல செயற்கைக்கோள் படம் பாத்து தரிசு கணக்குல சேத்துருவாங்க, சும்மாதான கெடக்கு சோலார் பார்க் போடுனு அடுத்த ஆபீஸ்ல கையெழுத்தாயிரும். ஆடு மேய்க்கிறவனையும் அங்க முட்டை வைக்கிற பறவையையும் எந்தக் கலர்லயும் காட்ட மாட்டாங்க. ராஜஸ்தான்ல கானமயில்ங்குற அழிஞ்சுவர்ற பறவை கரண்ட் கம்பில அடிபட்டு சாகுதுனு 2021ல உச்ச நீதிமன்றம் கம்பிய மண்ணுக்குள்ள பொதைக்கச் சொன்னுச்சு, அப்புறம் 2024ல சோலாரும் வேணும்ல, கம்பிய எங்கெல்லாம் பொதைக்க முடியும்னு நிபுணர் குழு பாக்கட்டும்னு அத தளர்த்துச்சு. நெலத்த குறிக்கும்போதே சரியா குறிச்சிருந்தா கோர்ட்டு வரைக்கும் போகிருக்கணுமா?

எங்க மலைல புல்வெளி போறது கரண்ட்டுக்கும் நட்டம்ங்குறத கட்டுரைல யாரும் எழுதல. நீலகிரில பைக்காரா நீர்மின் நிலையம் 1932லயே மின்சாரம் குடுக்க ஆரம்பிச்சுச்சு, அப்புறம் குந்தா. அந்தத் தண்ணி பூராம் மேல இருக்குற சோலைக்காடும் புல்லும் ஊறவச்சு விடுற தண்ணி. பைக்காரா பக்கத்துல கிளன்மார்கன்ல ஊட்டி மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்துக்காரங்க புல்வெளில யூக்கலிப்டஸ் நட்டு ஓடைத் தண்ணிய வருசக்கணக்கா அளந்தாங்க, மொதல் சுத்துல 16 சதவீதம் தண்ணி கொறைஞ்சுச்சு, வெட்டுனப்புறம் மறுபடி தழைச்ச ரெண்டாவது சுத்துல 25 சதவீதத்துக்கு மேல. கவனிங்க, இது செயற்கைக்கோள் சொன்னதில்ல, ஓடைல தடுப்பு கட்டி ஆளு நின்னு அளந்தது. எங்க மேல்மலை ஓடைகள்ல பலதும் அமராவதி அணைக்குத்தான் போகுது, கீழ நெல்லு கரும்புக்கும் அதான், அங்க இருக்குற சின்ன மின் நிலையத்துக்கும் அதான். வானத்துல இருந்து புல்வெளி எவ்வளவு போச்சுனு தெரியுது, ஓடைல இருந்து அதனால என்ன போச்சுனு தெரியுது, ரெண்டையும் ஒண்ணா வச்சு பேசுறதுக்குத்தான் ஆளக் காணோம்.

தீக்கு வர்றேன். பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் எங்களுக்கு ராத்திரி தூக்கம் கெடையாது. புதுப்புல்லு வரும்னு ஒருத்தன் வைப்பான், பீடித்துண்டு ஒருத்தன் போடுவான், காத்து தூக்கிட்டுப் போயிரும், காஞ்ச வாட்டில் குச்சி பெட்ரோல் மாதிரி. எதுத்தாப்புல குரங்கணில 2018 மார்ச் 11ம் தேதி மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல தீல செத்தாங்களே, யாரு மறப்பா. வன அளவை நிறுவனம் 2004ல இருந்தே செயற்கைக்கோள வச்சு தீ எச்சரிக்கை குடுத்துட்டு வருது. மொதல்ல 1 கிலோமீட்டர் புள்ளி, இப்ப விர்ஸ்ங்குற கருவில 375 மீட்டர் புள்ளி, அதாவது சுமாரா 35 ஏக்கர். 35 ஏக்கரும் எரிஞ்சாத்தான் தெரியும்னு இல்ல, சூட்ட வச்சு புடிக்கிறதால அதுல ஒரு மூலைல எரிஞ்சாலும் தெரியும். அந்தக் கருவி இருக்குற செயற்கைக்கோள் மத்தியானம் ஒண்ணரை ஒட்டியும் ராத்திரி ஒண்ணரை ஒட்டியும்தான் நம்ம தலைக்கு மேல வரும். மூணு மணிக்கு புடிச்ச தீய ராத்திரிதான் பாக்கும், அதுக்குள்ள மலை பாதி போயிரும். அப்ப பாக்குறது வாச்சர்தான், தோட்டத்துல நிக்கிறவன்தான்.

எதுக்கு இத சொல்றேன்னா, வன அளவை நிறுவனம் எஸ்எம்எஸ்ல அனுப்புற அந்தத் தீ எச்சரிக்கைய வனத்துறை மட்டும் இல்ல, பொதுமக்களும் பேரு பதிஞ்சு வாங்கலாம், காசு கெடையாது. மேல்மலைல எத்தனை பேருக்கு இது தெரியும்னு நானும் டீக்கடைல கேட்டுட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. வந்தாலும் அட்சரேகை தீர்க்கரேகை நம்பரா வரும், பூண்டு வெட்டிட்டு இருக்குறவருக்கு அது எந்த மேடுனு எப்படி தெரியும். பூம்பாறைக்கு மேக்கால இந்தப் பள்ளத்துலனு தமிழ்ல, ஊருக்காரங்க சொல்ற எடப்பேரோட பஞ்சாயத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தா பத்து பேரு தழைய ஒடிச்சுக்கிட்டு ஓடுவாங்க. எடப்பேர் லிஸ்ட்ட நாங்களே எழுதித் தர்றோம்.

மண்சரிவுக்கும் இதே கதைதான். மழைக்காலத்துல மேகம் மூடிரும், சாதா படத்துல ஒண்ணும் தெரியாது, ரேடார் செயற்கைக்கோள்தான் மேகத்த தாண்டிப் பாக்கும். 2019 ஆகஸ்ட்ல நீலகிரி அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை பேஞ்சுதே, அந்த மாதிரி நாள்ல எல்லாம் வேற வழியே இல்ல. 2025 ஜூலை 30 இஸ்ரோவும் நாசாவும் சேந்து ஸ்ரீஹரிகோட்டால இருந்து அனுப்புன நிசார்ங்குற ரேடார் செயற்கைக்கோள் 12 நாளைக்கு ஒரு தடவை அதே எடத்த பாக்கும், மலைச் சரிவு துளித்துளியா நகர்றதக்கூட காட்டக் கூடியது. அந்தப் படம் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வந்தா பத்தாது, மலைல ரோடு போடுற இன்ஜினியர் மேசைக்கு வரணும்.

நான் கேக்குறது பெரிய காசு இல்ல. தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நாடு பூரா நூத்துக்கு மேல வெயில் அளக்குற நிலையம் அமைச்சுச்சு, அதே மாதிரி பைரனோமீட்டர்ங்குற வெயில் அளக்குற கருவி ஒண்ணு கொடைக்கானல்லயும் ஒண்ணு மன்னவனூர்லயும் ஒண்ணு கீழ்மலைல தாண்டிக்குடிலயும் வச்சு, ரெண்டு வருசம் அளந்து எல்லாருக்கும் தெரியுற மாதிரி போடட்டும், அப்புறம் எந்த கம்பெனி ரிப்போர்ட் கொண்டாந்தாலும் நாங்க சரிபாத்துக்குறோம். வனப்பரப்பு அறிக்கைல பழனி மலைக்கும் நீலகிரிக்கும் சோலை எவ்வளவு, புல்வெளி எவ்வளவு, வாட்டில் எவ்வளவுனு தனித்தனியா போடட்டும். கூரைக்கு பேனல் போடப் போற மலைக்காரங்களும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வெயில் டேட்டா எங்க இருந்து எடுத்தீங்க, கட்டம் எவ்வளவு பெருசுனு ரெண்டு கேள்வி கேளுங்க, பதில் வரலைனா அந்த ரிப்போர்ட்ட அடுப்பு பத்த வைக்க வச்சுக்கங்க.

உங்ககிட்ட ஒண்ணு. ஜனவரி கடைசில, தீ சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி, இந்த எஸ்எம்எஸ்சுக்கு எப்படி பேரு பதியுறதுனு படிப்படியா தமிழ்ல ஒரு அரைப்பக்கம் போடுங்க, திண்டுக்கல், தேனி, நீலகிரி பதிப்புல மட்டும் போட்டாக்கூட போதும். நான் அத ஜெராக்ஸ் எடுத்து மேல்மலை டீக்கடை பூராம் ஒட்டிர்றேன்.

இப்படிக்கு,
மேல்மலை எலக்ட்ரீசியன் ஒருத்தன்,
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.
(பேர் போட வேணாம்னு கேட்டுக்கறேன், தொழில் இங்கதான் பாக்கணும்.)